பென்டிரைவ் தேய்ந்த கதை

இந்த வீட்டில் சவுண்டு இனிமேல் ஒரே ஆள் கையில்தான் என்று ஜெயராஜ் முடிவு கட்டினான். அந்த ஆள் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவன் பெண்டாட்டி ரோசம்மாளுக்கும் சந்தேகம் இல்லை. ரெண்டு பேரும் நினைத்த ஆள்தான் வேறு வேறு.

ஜெயராஜ் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். ஓட்டுகிறவன் என்றால் மேலே ஏறி உட்கார்ந்து இல்லை. தரையில் நின்றபடியே, கழுத்தில் ஒரு மஞ்சள் ரிமோட்டை மாட்டிக்கொண்டு, பழுத்த இரும்பைத் தலைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டு போவான். ஒரு பட்டனை அமுக்கினால் இருபது டன் எழும்பும். அதே ஆள் வீட்டுக்கு வந்தால் ஒரு டிவி சவுண்டை எழுப்ப முடியவில்லை. மனுஷனுக்கு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. ஹாலில் மூன்று பொட்டி. டிவி ஒன்று, கேபிள் பொட்டி ஒன்று, மூன்றாவது ஹோம் தியேட்டர். ஜெயராஜ் அதை ஓம் தேட்டர் என்பான். சர்ச்சுக்குப் போகிறவன் ஓம் சொல்லலாமா என்று ரோசம்மாள் வம்புக்கு இழுப்பாள். டிவி ரிமோட் எந்தக் காலத்திலோ செத்துப் போனது, டிவியைக் கையாலேயே தட்டிப் போடுவார்கள். சவுண்டு வருவதெல்லாம் தேட்டர் பொட்டியிலிருந்துதான். டிவியின் சொந்த சவுண்டை அடைத்து, ஒயரை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. ஆகவே தேட்டர் ரிமோட் யாரிடமோ, ராஜாங்கம் அவரிடம். அது ரோசம்மாளிடம். எப்போது தேடினாலும் கிடைக்காது. அதன் மேல் உட்கார்ந்திருப்பாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் ஒரு நாள் கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து புது ரிமோட் ஒன்றோடு வந்து இறங்கினான்.

"இன்னாய்யா அது, செங்கல்லு மாதிரி?"

"ரிமோட்டு. மூணு பொட்டிக்கும் இது ஒண்ணுதான். யூனிவர்சல்."

"அப்டின்னா?"

"ஒலகம் பூரா வேல செய்யும்."

"மொதல்ல இந்த ஊட்ல செய்யுதா பாரு."

ஜெயராஜ் தரையில் சம்மணம் போட்டான். ரோசம்மாள் பூண்டு உரிக்கும் முறத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்கத்தான். வேடிக்கை பார்க்கிற பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த ஆம்பிளையும் எதையும் செட் பண்ணக் கூடாது. அது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

வேலை என்னவோ சின்ன வேலைதான். செட் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும், சிவப்பு லைட்டு மினுக்கும். பொட்டிக்கு உண்டான நம்பரைப் போட வேண்டும். அப்புறம்தான் முக்கியமான கட்டம். எந்தப் பொட்டியின் சவுண்டு வேண்டுமோ அந்தப் பொட்டிக்கு வால்யூம் பட்டனைத் தாலி கட்டி வைத்துவிட வேண்டும். கட்டிவிட்டால், நீங்கள் எந்தப் பொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வால்யூம் அந்த ஒரு பொட்டிக்குத்தான் அடங்கும். கடைக்காரர் இப்படித்தான் விளக்கியிருந்தார்.

"பாரு பாரு, கண்ணடிக்குது!"

"யார பாத்து?"

"என்ன பாத்துதான்."

"த்தூ, அதுக்கு கண்ணு அவிஞ்சி போச்சி."

முதல் தடவை வால்யூமைக் கூட்டினால் சேனல் ஓடியது. அடுத்த தடவை டிவி தெலுங்கில் பேச ஆரம்பித்தது. அதற்கு அடுத்த தடவை எல்லாமே அணைந்து போய், ஃபேன் மட்டும்தான் ஓடியது. ரோசம்மாள் பூண்டை விட்டுவிட்டு அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்போது தாலி சரியான கழுத்தில் ஏறியது. பட்டனை அமுக்க, தேட்டர் பொட்டியில் சிவப்பு நம்பர் ஏறிக்கொண்டே போனது. செவுத்தில் மாட்டியிருந்த சர்ச்சு காலண்டர் ஆடியது. பரணில் இருந்த அண்டா இறங்கி வந்துவிடும் போல இருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, ரயிலு தடம் பொரண்டு ஊட்டுக்குள்ள வந்துட்ச்சா?"

"இல்லடி. உங்கண்ணன் செட் பண்றாரு."

ஜெயராஜ் ரோசம்மாள் அடியிலிருந்ததையும் பிடுங்கி, பழைய ரிமோட்டுகளைப் பழைய இரும்பு மூட்டையில் வீசினான். பட்டாபிஷேகம் முடிந்த ராஜா மாதிரி நாற்காலியில் சாய்ந்தான்.

இந்த ஆள் சவுண்டு சவுண்டு என்று உயிரை விட்டது கிரிக்கெட்டுக்காக இல்லை, சினிமாவுக்காகவும் இல்லை. ஹெலனுக்காக.

ஹெலன் அவர்களுடைய ஒரே பெண். சிப்காட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அந்தத் தேட்டர் பொட்டியை வாங்கி வந்து, ஒயரெல்லாம் மாட்டிக் கொடுத்தவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். ஒரு கிறிஸ்மஸுக்குத் தானே ஒரு பாட்டு கட்டி, பிள்ளைகள் கேட்டுப் பழகட்டும் என்று இதே ஹாலில் உட்கார்ந்து, சர்ச்சு கீபோர்டில் தாளத்தை ஓடவிட்டு, போனில் பாடிப் பதிந்தாள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. திருவள்ளூருக்குக் கொண்டு போனார்கள். கொண்டு போனவளைக் கூட்டி வர முடியவில்லை. இனி எந்த ஆஸ்பத்திரி வாசப்படியையும் மிதிக்க மாட்டேன் என்று ஜெயராஜ் அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் சொன்னான். சொன்னபடி மூன்று வருஷமாக இருந்தான்.

மிச்சம் இருந்தது அந்தப் பாட்டு. ஹெலன் போன் கெட்டுப் போவதற்கு முன்னால் கன்னியம்மாவின் மகள்தான் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். டிவிக்குப் பின்னால் சொருகினால் ஹெலன் பாடுவாள்.

ஆனால் அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. ஜெயராஜ் அப்படித்தான் நம்பினான். கேசட்டு காலத்து ஆள். கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டால் நாடா தேயும், பாட்டு மங்கும் என்பது அவனுக்குத் தெரியும். பென்டிரைவும் அதுபோலத்தானே? தாளம் கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது, பொண்ணு குரல் மட்டும் மாசா மாசம் மங்குகிறது. இப்படியே போனால் ஒரு நாள் வெறும் தாளம்தான் மிஞ்சும். அந்தப் பயத்தில் அவன் பென்டிரைவை பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவை பீரோவில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தபா என்று சட்டம் போட்டான்.

அந்த ஒரு தபாவிலும் ஒரு பேஜாரு. பாட்டில் ஒரு இடம் வரும்போது ரோசம்மாள் சிரிப்பாள். கண்ணில் தண்ணி ஓடும், வாய் சிரிக்கும்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?"

"கேட்டா தெரியும்."

"கேட்டுகினுதானே கீறேன்!"

அவள் அவன் முகத்தையே பார்ப்பாள். அந்த இடத்தில் அவனுக்கு ஒரு புண்ணாக்கும் கேட்காது.

ரோசம்மாளுக்கு விஷயம் எப்போதோ தெரியும். தேய்ந்தது பென்டிரைவ் இல்லை. கம்பெனி கொடுத்த காதுப் பஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரும்போடு இரும்பு மோதுகிற இடத்தில் இத்தனை வருஷம் நின்ற ஆள். சட்னி வேணுமா என்று கேட்டால், "பத்தினி நீ ஒருத்தி போதும்டி" என்பான். கடுகு வாங்கிக்கினு வா என்றால், "இருக்குற கதவே நல்லாத்தானே கீது" என்பான். தெருவே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஹெலனு நைனா, ஒரு தபா காத காட்டிகினு வந்துடலாம்யா."

"காதுக்கு இன்னா கேடு? கம்பெனில சூப்பர்வைசர் கூப்ட்டா ஓடிப் போய் நிக்கல?"

"அவரு கைய ஆட்டி கூப்புடறாரு."

"ஆஸ்பத்திரின்ற பேச்சே எடுக்காத சொல்லிட்டேன்!"

அதோடு பேச்சு முடிந்துவிடும்.

புது ரிமோட் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் சவுண்டை உச்சியில் வைத்து ஹெலனைப் போட்டான். தாளம் நெஞ்சில் இடித்தது. ஹெலன் வரவில்லை. எங்கோ தூரத்தில், மூடின கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான். ஜெயராஜ் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. உள்ளே நுழைகிறான், ரோசம்மாள் பீரோவை அவசரமாகச் சாத்துகிறாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். பென்டிரைவைத் தொட்டான்.

"ஏ ரோசா, இது இன்னா சுடுது?"

"வெயிலுக்கு."

"பீரோ உள்ள வெயிலா?"

அவள் பீரோ சாவியை இடுப்பில் சொருகினாள்.

"தெனம் போட்டு கேக்குறியா?"

"எம் பொண்ணு கொரலு. நான் கேக்குறேன். நீ ஷிப்டுக்கு போனா இந்த ஊட்ல எனக்கு யாருய்யா கீறாங்க?"

"கேட்டு கேட்டு தேச்சிட்டியே! அதான் ஒண்ணும் கேக்கல. இருந்த ஒண்ணையும் நீயே தேச்சி தின்னுட்டியேடி!"

சொல்லியிருக்கக் கூடாது. வாயிலிருந்து வந்ததும் அவனுக்கே தெரிந்தது. ரோசம்மாள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தான். அவள் போடவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனாள். சாயந்திரம் வந்து சோறு போட்டாள். சோறு தட்டில் விழுந்த சத்தம் மட்டும் அவனுக்கு நன்றாகவே கேட்டது.

வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வந்ததும், ரோசம்மாளே டப்பாவை எடுத்து வந்து பென்டிரைவைச் சொருகினாள். பாட்டு ஆரம்பித்தது. ஜெயராஜ் வால்யூமைத் தொட்டான். டிவி அடியில் பச்சையாக ஒரு கோடு முளைத்தது, பக்கத்தில் நம்பரோடு.

"இன்னாடி இது, புச்சா கோடு வருது?"

"நீ செட் பண்ணது அப்டி. மீட்டரு."

"மீட்டரா! பாத்தியா, பொட்டி நம்பரு கண்ணுக்கே தெர்ல. இது எவ்ளோ சோக்கா தெரியுது! கைராசி வேணும்டி எல்லாத்துக்கும்."

"ஆமாமா, ஒன் கைராசிதான்."

கம்பெனியில் அவர்களுக்கு ஒரே வேதம்தான். காதை நம்பாதே, கண்ணை நம்பாதே, மீட்டரை நம்பு. மீட்டர் சூடு என்றால் சூடு. மீட்டர் பாரம் என்றால் பாரம். ஜெயராஜ் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கினான். முப்பது. பாட்டு அப்படியே இருந்தது. ஐம்பது. அப்படியே. ரோசம்மாள் முகத்தைச் சுளித்தாள். எழுபதில் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கறிவேப்பிலை கேட்டு வந்த கன்னியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யண்ணா! கொறண்ணா! மண்ட பொளக்குது!"

கோடு கடைசி வரைக்கும் போய் நின்றது. நூறு. அதற்கு மேல் கோட்டுக்குப் போக இடம் இல்லை. ஒரு பொம்பளை காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், இன்னொரு பொம்பளை வாசலில் கத்துகிறாள், மீட்டர் நூறு காட்டுகிறது. அவனுக்கு மட்டும் சவுண்டு ஒரு இன்ச் கூட ஏறவில்லை.

ஜெயராஜ் ரிமோட்டை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"ரோசா. நெஜமா சொல்லு. அவ பாடுறது ஒனக்கு கேக்குதா?"

"கேக்குதுய்யா."

"நல்லா?"

"அன்னிக்கி இங்க குந்திகினு பாடுனா பாரு, அப்டியே கீது."

"தேயல?"

"ஒரு எழுத்து கூட தேயல."

அவன் டிவியைப் பார்த்தான். அப்புறம் அழுதான். இருபது டன் தூக்குகிறவன், கன்னியம்மா நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அப்போ தேஞ்சது நானு. அவ இங்கயேதான் கீறா. நான்தான் தேஞ்சிட்டேன். ஒன்ன போயி அப்டி ஒரு வார்த்த சொல்லிட்டனே ரோசா..."

"உடுய்யா. நாளைக்கி போலாமா?"

அவன் தலையை ஆட்டினான். மூன்று வருஷத்துச் சபதம் அங்கேயே முடிந்தது.

பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் திருவள்ளூர் போனார்கள். ஹெலனை வைத்திருந்த ஆஸ்பத்திரி வந்தபோது அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் தாண்டியும் விடவில்லை.

காது பார்க்கிற இடம் ஒரு மாடியில் இருந்தது. அஸ்வினி என்று ஒரு சின்னப் பெண், காதில் ஒரு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சவுண்டு கேட்டால் அமுக்க வேண்டும். பட்டன் என்றதும் ஜெயராஜுக்குத் தெம்பு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண்ணின் கை எப்போது அசைகிறது என்று பார்த்துப் பார்த்து அமுக்கினான். எல்லாமே சரி! அஸ்வினி எழுந்து வந்து அவன் நாற்காலியைச் செவுத்துப் பக்கம் திருப்பிப் போட்டாள். அதற்கப்புறம் பட்டனுக்கு ரொம்ப வேலை இல்லை.

"கனமான சத்தம் கேக்குதும்மா. மெல்லிசு சத்தம்தான் போயிருக்கு. கொழந்தைங்க குரல், பொம்பளைங்க குரல், அதெல்லாம்."

"இந்த நோவு எங்க தெருவுல எல்லா ஆம்பளைக்கும் கீது பாப்பா," என்றாள் ரோசம்மாள்.

இன்னொரு நாள் போய், காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டிக்கொண்டு இறங்கினான். மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டான்.

"இன்னா அது, ஜல்லுன்னு?"

"கொலுசுய்யா."

"எப்போ வாங்கின?"

"ஹெலனு பொறந்தப்ப நீதான் வாங்கி குடுத்த."

அவளை முன்னால் நடக்கவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினதும் பீரோவைத் திறந்தார்கள். ரோசம்மாள் பென்டிரைவைச் சொருகிவிட்டு எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். ஜெயராஜ் புது ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தாளம் வந்தது. அப்புறம் ஹெலன் வந்தாள். அவளேதான். பாட்டுக்கு முன்னால் தொண்டையைச் செருமினாள். மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு கூடக் கேட்டது. ஜெயராஜ் வாயைப் பொத்திக்கொண்டான். ரெண்டாவது சரணத்துக்குப் போகும்போது, ரோசம்மாள் வழக்கமாகச் சிரிக்கிற இடம் வந்தது. பாட்டு நின்றது. பின்னால் ஏதோ கபடி மேட்ச் இரைச்சல். ஹெலன் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக் கத்துகிறாள்.

"நைனா! சவுண்ட கொற நைனா, பாடிகினுகீறேன்! நைனா! த்தா பாரு, காதுலயே வாங்கல. அம்மா, நீ மொதல்ல அவரு கையில கீற ரிமோட்ட புடுங்கி ஒளிச்சி வையிம்மா!"

அப்புறம் அவளும் சிரித்தாள், பின்னால் ரோசம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே ஹெலன் பாட்டை மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வருஷமாக எதைக் கேட்க இவன் சவுண்டை ஏற்றத் துடித்தானோ, அது சவுண்டைக் குறை என்றது.

பொண்ணு சொல்லிவிட்டாள். ஜெயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை நீட்டிக் குறைக்கிற பட்டனை அமுக்கினான். பச்சைக் கோடு இறங்கியது. இன்னும் அமுக்கினான். கோடு பூஜ்யத்துக்கு வந்தது. ஹெலன் அதே சவுண்டில் பாடிக்கொண்டிருந்தாள்.

ரிமோட்டைப் பார்த்தான். மீட்டரைப் பார்த்தான். ரோசம்மாளைப் பார்த்தான்.

ரோசம்மாள் கொஞ்சம் நகர்ந்து, அடியிலிருந்து பழைய தேட்டர் ரிமோட்டை எடுத்தாள். ஒரு அமுக்கு அமுக்கினாள். சவுண்டு பதமாக இறங்கியது.

"அத இரும்பு மூட்டையில போட்டனே!"

"நான் எடுத்துட்டேனே."

"அப்போ இந்த மீட்டரு?"

"ஒன் வால்யூம டிவிக்கி தாலி கட்டி வெச்சேன். டிவிக்கிதான் சவுண்டே இல்லியே. கோடு ஏறும், எறங்கும். அவ்ளோதான்."

"கன்னியம்மா காட்டுக் கத்து கத்தினாளே?"

"அவளுக்கு ஒரு கட்டு கறிவேப்பில குடுத்தேன்."

"அடிப்பாவி! எத்தினி நாளா இந்த ரிமோட்ட ஒளிச்சி வெச்சிகினு கீற?"

"அவ சொன்ன நாள்லருந்து," என்றாள் ரோசம்மாள். "நீதான் அவ பேச்ச கேக்கல. நானாவது கேக்க வேணாமா?"

ஜெயராஜுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிவி பக்கம் கையைக் காட்டினான்.

"இன்னொரு தபா போடேன்."

"தேஞ்சிடப் போவுது."

"போடுன்றேன்ல."

போட்டாள். ஹெலன் செருமினாள், மூச்சு வாங்கினாள், பாடினாள். அந்த இடம் வந்தது. புடுங்கி ஒளிச்சி வையிம்மா என்று ஹெலன் சொன்னதும், ரோசம்மாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் பக்கம் கையை நீட்டினாள்.

ஜெயராஜ் புது ரிமோட்டையும் கொடுத்துவிட்டான்.